பொம்மை கையில் மருந்து மூடி

போன வருடம் ஆடி மாதம், ஒரு காலை நேரம். ஓசூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடி வீடு. அன்றைக்கு அங்கே இருந்தது மூன்றே பேர்: நான், என் ஆறு வயது மகள், கீழ்வீட்டு அக்கா. இருந்திருக்க வேண்டியவர் என் கணவர். அவர் அப்போதுதான் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போயிருந்தார்.

மகளுக்கு வலிப்பு நோய். பெங்களூரில் வைத்தியம். காலையும் ராத்திரியும் ஒரு சிரப் கொடுக்க வேண்டும். ஒரு வேளை விட்டால் வலிப்பு வரலாம், இரண்டு தடவை கொடுத்துவிட்டால் அதுவும் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். நானும் கணவரும் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு ஷிஃப்ட். நான் இரவு ஷிஃப்ட் முடித்து இறங்கும் ஸ்டாப்பில்தான் அவர் ஏறுவார். அந்த இரண்டு நிமிடத்தில் மருந்துக் கணக்கெல்லாம் பேசிக்கொள்வோம்.

அது போதாதென்று அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் கம்பெனியில் ஷிஃப்ட் மாறும்போது, வேலை எதுவரை முடிந்தது என்று மெஷினில் அட்டை மாட்டிவிட்டுப் போவார்களாம். அடுத்து வருபவர் அதைப் பார்த்தே வேலையைத் தெரிந்துகொள்வாராம். அதே மாதிரி வீட்டிலும் காலை மருந்து கொடுத்தால் அளவு மூடியைக் கவிழ்த்து வைப்போம், ராத்திரி கொடுத்தால் நிமிர்த்தி வைப்போம். ஐந்து மாதம் தப்பில்லாமல் ஓடியது. இருந்தாலும் அவருக்குக் கவனம் போதாது என்று நான் தினமும் சண்டை போடுவேன்.

அன்றைக்கு ஹைவேயில் ஒரு லாரி நின்றுபோய் என் பஸ் லேட். நான் இறங்கும்போது அவர் பஸ் நகர்ந்துவிட்டது. ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார். கொடுத்துவிட்டேன் என்கிறாரா, நீ கொடு என்கிறாரா, வெறும் டாட்டாவா? சரி, மூடியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓடினேன்.

வீட்டில் அக்கா காவல் உட்கார்ந்திருந்தார். மகள் அந்த மூடியில் பொம்மைக்குத் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா மருந்து குடுத்தாங்களா கண்ணு?"

"குடுத்தாங்க."

"இன்னைக்கா?"

"நேத்து."

"அப்ப இன்னைக்குக் குடுக்கலையா?"

"குடுத்தாங்களே… பொம்மைக்கு."

அக்காவைக் கேட்டேன்; தான் மேலே வந்ததே என் கணவர் கிளம்பும்போதுதான், அப்போதே மூடி இவள் கையில் என்றார். கன்னடக்கார அக்கா, "யாக்கே, ஏன் இப்படிப் பதறுற? மொதல்ல உக்காரு. பாப்பா நல்லாத்தான இருக்கா" என்றார். நல்லாத்தான் இருந்தாள். ஆனால் ஒரு கொட்டாவி விட்டாள். மருந்து குடித்த கொட்டாவியா, காலைத் தூக்கமா? பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நேற்று எவ்வளவு இருந்தது என்று யாருக்குத் தெரியும்? கணவருக்குப் போன் அடித்தேன், அலமாரியில் மணி அடித்தது. கம்பெனிக்குள் விடமாட்டார்கள் என்று அவர் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார்.

பஸ் போய்ச் சேரும்வரை அரை மணி நேரம் தவித்துவிட்டு, அவர் கம்பெனி கேட் நம்பருக்கு அடித்தேன்.

"ஏம்மா, புருஷன்கிட்ட ஊட்டுக் கதை பேசவா இந்த நம்பரு?" என்று எரிந்து விழுந்தார் செக்யூரிட்டி. பிள்ளைக்கு வலிப்பு என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். "அழுவாத. போனை வைக்காத. நானே உள்ள போறேன்."

பத்து நிமிடம் கழித்து மூச்சு வாங்க வந்தார். "கேட்டேம்மா. குடுத்த மாதிரியும் இருக்காம், குடுக்காத மாதிரியும் இருக்காம். நேத்துக் குடுத்த நெனப்பா, இன்னைக்கான்னு தெரியலையாம். தலையில கை வச்சிக்கிட்டு நிக்கறாரு."

கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. முந்தின நாள் காலையில் கொடுத்தது நானா அவரா என்று யோசித்துப் பார்த்தேன், எனக்கே தெரியவில்லை.

அக்காதான் போனை வாங்கி, பெங்களூர் ஆஸ்பத்திரி வார்டுக்கு அடித்துக் கன்னடத்தில் பேசினார். சந்தேகம் இருப்பதால் இப்போது மறுபடி கொடுக்க வேண்டாம், பிள்ளையை விட்டு நகராமல் பாருங்கள், ராத்திரி மருந்தை நேரத்துக்குக் கொடுங்கள், ஏதாவது ஆனால் உடனே தூக்கி வாருங்கள் என்று நர்ஸ் சொன்னாராம். ராத்திரி முழுக்க வேலை பார்த்த கண்ணோடு, பகல் முழுக்க அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "நீ தூங்கும்மா, நான் முழிச்சிட்டு இருக்கேன்" என்றாள் மகள். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்போது மருந்து கொடுத்ததும் காலண்டரில் பேனாவால் கோடு போடுகிறோம். அப்படியும் இரண்டு தடவை எட்டிப் பார்க்காமல் எனக்கு மனசு ஆறாது. அந்த செக்யூரிட்டி அண்ணன் முகம்கூட எனக்குத் தெரியாது. அந்த ஒரு வேளை மருந்து உள்ளே போனதா இல்லையா என்பதும் இன்றுவரை எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. ஆனால் எங்களில் யாருக்குக் கவனம் அதிகம் என்ற சண்டையை மட்டும் அன்றோடு விட்டுவிட்டோம்.