நாங்கள் கொட்டாத அஞ்சு படி

மழை பெய்ததற்காக அழுத வீடு எங்கள் ஊரில் எங்கள் வீடு ஒன்றாகத்தான் இருக்கும். எனக்கு அப்போது ஒன்பது வயது.

ஊருக்குப் பொதுவாக ஒரு விதைக் குலுக்கை உண்டு; மேல்வாயில் கொட்டி அடிவாயில் அள்ளும் ஆளுயர மண்கூடு. விதைப்புக்கு நாலு படி கம்பு வாங்கினால், அறுப்பு முடிந்து அஞ்சு படியாகக் கொட்ட வேண்டும். கொட்டாதவர்களுக்கு மறுவருஷம் விதை கிடையாது. போன வருஷம் மழை பொய்த்து, விளைந்த கொஞ்சத்தையும் நாங்கள் கூழாகக் குடித்திருந்தோம். கோவில்பட்டியில் போய் விதை வாங்கக் கையில் காசும் இல்லை.

கரிசலில் ஈரம் நாலைந்து நாள்தான் நிற்கும். ஊரே ஓலைப்பெட்டியோடு குலுக்கையடியில் கூடிவிட்டது. அளப்பவர் பெரியப்பா. போன வருஷத்துப் பாக்கியைப் பற்றிப் பேச்சே எடுக்காமல், அம்மாவைப் பார்த்து, "தம்பி வீட்டுக்கு முதல்ல அளந்திருவோம்" என்றார். அம்மா தலை நிமிராமல் பெட்டியை நீட்டினாள்.

வரிசையில் கடைசி ஆள் சித்தி. சித்தப்பா தவறிய பிறகு ஒற்றையாளாகப் பாடுபட்டு, அந்தப் பஞ்சத்திலும் அஞ்சு படி கொட்டியவள். அவள் முறை வந்தபோது பெரியப்பா குலுக்கையின் அடிவாயில் கையை விட்டுத் துழாவினார். தூசிதான் வந்தது. சித்தி காலிப் பெட்டியோடு திரும்பினாள்.

"ஏட்டி, நில்லு" என்று அம்மா எங்கள் கம்பை அவள் பெட்டியில் கவிழ்த்தாள். "குறைஞ்சது நாங்க கொட்டாததுதான்."

"உங்க காடு என்னக்கா ஆவும்?"

"எனக்குக் கையும் காலும் இருக்குல்லா."

எங்கள் காடு விதைப்பில்லாமல் தரிசாகக் கிடந்தது. அம்மா அடுத்தவர் காட்டில் களையெடுக்கப் போனாள். எனக்குச் சித்திமேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அவள் கம்பு முழங்கால் உயரம் வந்ததும், வேலிமுள்ளை விலக்கி எங்கள் ஆட்டை உள்ளே விட்டேன். ஒரு நாளல்ல, நாலு நாள். நாலாம் நாள் அவள் பார்த்துவிட்டாள். தோலை உரிக்கப் போகிறாள் என்று நடுங்கினேன். அவளோ ஆட்டை இழுத்து வந்து அம்மாவிடம், "கயித்த அத்துக்கிட்டு வந்துட்டுக்கா" என்றாள்.

அறுப்பு முடிந்து குலுக்கையில் முதல் ஆளாக அஞ்சு படி கொட்டியவள் சித்தி. கூலிக் கம்பைச் சேர்த்துவைத்து அம்மாவும் பழைய பாக்கியைக் கொட்டினாள். மறு ஐப்பசியில் பெரியப்பா அடிவாயைத் திறந்து, எங்களுக்குத்தான் முதலில் அளந்தார்.

பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற நான், குலுக்கையில் கம்பு எப்போதும் இருக்கும், பெரியப்பா மனசு வைத்தால் போதும் என்றே நினைத்தேன். பெட்டியில் விழுந்தது, முதலில் கொட்டியதால் அடியில் கிடந்த சித்தி காட்டுக் கம்பு என்பதோ, முள்ளை விலக்கி நான் ஆட்டுக்குத் தின்னக் கொடுத்தது எங்கள் விதையைத்தான் என்பதோ அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.