தொட்டில் விளம்பரம்

ஐந்தாம் மாதத்தில் என் கரு கலைந்துபோனது. அயனம்பாக்கம் ஃப்ளாட்டில் அக்கம்பக்கத்தார்கூட விசாரித்து ஓய்ந்துவிட்டார்கள். லேப்டாப்தான் விடவில்லை. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஓரத்தில் ஒரு தொட்டில். தேக்குத் தொட்டில், கொசுவலை வைத்த தொட்டில். ஆபீஸ் மீட்டிங்கில் திரையைப் பகிர்ந்தபோது எல்லார் முன்னாலும் ஒன்று வந்து ஆடியது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பதில் யாராவது எதையாவது கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

குக்கீகளை அழித்தேன். உளவு மென்பொருள் புகுந்திருக்கிறதா என்று ஸ்கேன் செய்தேன், ஒன்றுமில்லை. ஆபீஸ் லேப்டாப்பில் விளம்பரத் தடுப்பான் போட அனுமதியும் இல்லை. வேறு வழி இருக்கிறதா என்று வீடியோ பார்த்தால் அதன் நடுவிலேயே தொட்டில் வந்தது. சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. இரண்டுக்கும் தெம்பில்லை.

கடைசியில் என் மெயில் கணக்கின் தேடல் வரலாற்றைத் திறந்தேன். நான் தேடாததெல்லாம் அதில் இருந்தது. ‘மரத் தொட்டில் ஆவடி.’ ‘கொழந்தைக்கு வெள்ளி அரைஞாண்.’ எல்லாம் கோவில்பதாகையில் இருக்கும் மாமனாரின் போனிலிருந்து. போன் வாங்கியபோது அவருக்கெதற்குத் தனி ஐடி என்று என்னுடையதையே போட்டுக் கொடுத்திருந்தோம். எங்கள் வீடுகளில் ஒரு ஐடியில் குடும்பமே ஓடும்.

அவருக்கு விஷயம் தெரியாது. கரு கலைந்த அதே வாரம்தான் அவருக்கு இதய ஆபரேஷன் நடந்தது. “அப்பா தாங்கமாட்டாரு, அப்புறம் சொல்லிக்கலாம்” என்றார் என் கணவர். அந்த அப்புறம் வரவேயில்லை.

அந்தப் போனை என் கணக்கிலிருந்து நீக்க ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் எனக்கு நிம்மதி. அவர் பாட்டுக்கு வேறு ஐடியில் தொட்டில் தேடிக்கொண்டிருப்பார். மறைத்து மறைத்து அலுத்துவிட்டது எனக்கு. பொத்தானை அழுத்தாமல், கணவரைக்கூடக் கேட்காமல் கோவில்பதாகைக்குக் கிளம்பிவிட்டேன்.

“வாம்மா! இந்த நேரத்துல இன்னாத்துக்கு பஸ்ல வர்றே?” என்று நாற்காலியை இழுத்துப் போட்டவர், என் வயிற்றைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்.

“போயிடுச்சு மாமா. உங்க ஆபரேஷன் அப்பவே. உங்களுக்குச் சொல்லல.”

எனக்கென்று போட்ட நாற்காலியில் அவரே உட்கார்ந்துவிட்டார். மாத்திரைப் பெட்டி எங்கே என்று என் கண் தேடியது. பயமாக இருந்தது. அவர் மார்பைப் பிடிக்கவில்லை, அழவுமில்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துத் திறந்தார். எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். திரையில் தொட்டில்.

“எதத் தொட்டாலும் இதான் வந்துகினே கீது. இது வராத மாரி பண்ணிக் குடும்மா.”

போனை வாங்கிக்கொண்டு பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

“பண்ணித் தர்றேன் மாமா. ஆனா இன்னும் கொஞ்ச நாளைக்கு வரும்” என்றேன்.