வேலப்பன்சாவடியில் ஒரு நேர்கோடு

டீக்கடை பெஞ்சை ஒட்டிச் சிமெண்டுத் தரையில் நில அதிர்வுமானியை இறக்கி வைக்கிறேன். தொலைவில் கருந்துளைகள் மோதினால் வரும் ஈர்ப்பு அலைகளைப் பிடிக்க எங்கள் தேசிய ஆய்வு நிறுவனமும் உழைக்கிறது. அதற்கு நிலத்தின் நடுக்கத்தை அளந்து கழிக்க வேண்டும். அளப்பது இந்தக் கருவிதான். சற்றுமுன் எங்கள் வேன் பெரிய பள்ளத்தில் இறங்கி ஏறியது. கருவி உடைந்திருந்தால் ஆறு மாத வேலை வீண்.

"இன்னாமா, குக்கரா?" டீ மாஸ்டர் டம்ளரை நீட்டுகிறார்.

"பூமி ஆடுறத அளக்குற மெஷின், அண்ணா."

"இங்க எப்பவும் ஆடிக்கினுதான் கீது."

மடிக்கணினியைத் திறக்கிறேன். திரையில் நேர்கோடு. மணல் லாரி ஒன்று கடக்கிறது. கடையின் டம்ளர்களெல்லாம் கிணுகிணுக்கின்றன. கோடு மட்டும் அசையவில்லை. கேபிளைப் பிடுங்கி மீண்டும் செருகிப் பார்க்கிறேன்.

கருவிப் பெட்டியின் மூடியில் நான் ஒட்டிய சரிபார்ப்புப் பட்டியலை மாஸ்டர் குனிந்து பார்க்கிறார். "ஒண்ணு, ரெண்டு, நாலு, அஞ்சு... மூணுல டிக் காணோமேம்மா?"

மூன்று: பயணப் பூட்டை விடுவிக்கவும். உள்ளிருக்கும் எடை வழியில் ஆடாதிருக்க நானே பூட்டியது.

"நீங்க டீ குடுத்தப்போ விட்டுட்டேன், அண்ணா."

"அப்போ தப்பு என் டீ மேலயா? நல்லா கீதே நாயம்!"

பூட்டின் திருகைத் திருப்பி விடுவிக்கிறேன். அடுத்த லாரிக்குக் கோடு துள்ளுகிறது. மாஸ்டர் தரையில் ஓங்கி ஓர் உதை விட்டுத் திரைக்கு ஓடி வருகிறார்.

"டேய், இங்க வந்து பாருங்கடா! அந்தப் பெரிய மேடு நான்தான்!"

மூன்றுக்கு டிக் போடுகிறேன். கீழே ஆறாவதாக எழுதுகிறேன்: டீ, எல்லாம் முடிந்த பிறகு.