மார்க்கின் முழங்கால்

இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஆக்லாந்தின் பென்ரோஸில் நான் வேலை செய்யும் கிடங்கில் மார்க் என்றொரு இங்கிலாந்துக்காரர் இருக்கிறார். இளமையில் தன் நாட்டில் கீழ்ப்பிரிவு லீக்குகளில் கால்பந்து ஆடியவர். கோல் போடுவதுதான் அவருடைய வேலை. இன்று கைப்பிடியைப் பிடிக்காமல் அவரால் படியேற முடியாது. "டிவியிலயே வராத பிளேயர்" என்று எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள்.

சென்ற மாதம் பெட்டி தூக்கும்போது என் தோள் பிடித்துக்கொண்டது. எங்கள் சூப்பர்வைசர் ஒரு சென்னைத் தம்பி.

"கையைத் தூக்கவே ஏலாமல் கிடக்கு தம்பி," என்றேன்.

"ஆளே இல்லக்கா. இதைப் போட்டுக்கிட்டு இன்னிக்கு மட்டும் அட்ஜஸ்ட் பண்ணுங்க," என்று முதுகில் தட்டி, இரண்டு வலி மாத்திரைகளை நீட்டினார். தமிழ் ஆள் கேட்கிறாரே என்று நானும் வாங்கிவிட்டேன்.

மார்க்குக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மாத்திரைகளைக் கண்டதும் நொண்டிக்கொண்டே வந்து, அவற்றை என் கையிலிருந்து எடுத்தார்.

"இவர் இன்றைக்குத் தூக்க மாட்டார். வீட்டுக்கு அனுப்பு," என்றார் ஆங்கிலத்தில். தம்பி என்னை அனுப்பிவிட்டார்.

வாசல் வரை கூட வந்தபோதுதான் மார்க் சொன்னார். இடைவேளையில், உடை மாற்றும் அறையில் வைத்து, வலி தெரியாமலிருக்க அவருடைய முழங்காலில் ஊசி போட்டு, இந்த ஓர் ஆட்டம் மட்டும் என்று முதுகில் தட்டி இறக்கிவிடுவார்களாம். ஆட்டத்துக்கு ஆட்டம் அப்படித்தானாம். கால் போனதும் ஒப்பந்தமும் போய்விட்டது.

எவ்வளவு பெரிய அநியாயம்! உடை மாற்றும் அந்த அறையில் எத்தனை பெரிய மனிதர்கள் நின்றிருப்பார்கள். "இவன் இன்றைக்கு ஆட மாட்டான்" என்று சொல்ல அவர்களில் ஒருவருக்குக்கூட வாய் வரவில்லையே.