நீலக் கொக்கிகள்

வீட்டில் அவரை ‘ஷாக்கு’ என்று கூப்பிட்டது சும்மா இல்லை. இளவயதில் நைலான் கம்பளக் கடையில் வேலை. நாள் முழுக்கக் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்துவிட்டு வந்து கதவின் தாழ்ப்பாளைத் தொட்டால் பொறி பறக்கும். அந்த வெளிச்சத்தில் மாமியார் ஊசியில் நூல் கோத்ததாகக் கேள்வி. நூல் சிவப்பா பச்சையா என்பதில்தான் சொல்கிறவர்களுக்குள் சண்டை.

விஷயம் இவ்வளவுதான். எல்லாப் பொருளும் அணுக்களால் ஆனது. அணுவின் நடுவில் நேர்மின் கொண்ட புரோட்டான்கள், இடிச்சபுளி மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கும். சுற்றிலும் எதிர்மின் கொண்ட எலக்ட்ரான்கள். இவை கொஞ்சம் ஊர்சுற்றிகள். இரண்டும் சரிசமமாக இருக்கும்வரை வம்பில்லை. இரண்டு பொருள்கள் உரசினால் ஒன்றிலிருந்து எலக்ட்ரான்கள் மற்றதற்குத் தாவும். வாங்கியது எதிர்மின், இழந்தது நேர்மின். ஒரே ஜாதி மின்கள் ஒன்றையொன்று தள்ளும். எதிரெதிர் மின்கள் ஒட்டிக்கொள்ளும்.

பிறகு ஷாக்கு அந்த ஒட்டலையே பிழைப்பாக்கிக்கொண்டார். இரும்புச் சாமான்களுக்குப் பவுடர் பெயிண்ட் அடிக்கும் பட்டறை. பெயிண்ட் ஊதும் துப்பாக்கியின் முனையில் தூளுக்கு எதிர்மின் ஏற்றி ஊதுவார். இரும்பு கொக்கியில் தொங்கும். கொக்கியிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் இறங்கும். தூள் கிட்டே வந்ததும் இரும்பிலுள்ள எலக்ட்ரான்கள் கம்பி வழியே மண்ணுக்கு ஓடும். நேர்மின்னாகி நிற்கும் இரும்பைத் தூள் அப்பிக்கொள்ளும். அடுப்பில் வைத்துத் தூளை உருக்கினால் வேலை முடிந்தது.

இந்தப் பிழைப்பில் மனைவியின் அண்ணனுக்கு நம்பிக்கை இல்லை. பெரிய நாற்காலிக் கடை அவருடையது. அதன் வாசலில் ஓர் இரும்பு ஸ்டூல். அதில் உட்கார்ந்து வருகிறவர்களை “வாங்க வாங்க” என்று கூப்பிட ஓர் ஆள் வேண்டும். ஷாக்குதான் அந்த ஆள் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். கடைசியில், “ஒரு நாற்காலிச் சட்டம் என் கண்ணு முன்னாடி அடிச்சுக் காட்டுங்க மாப்ளே. சரியா வந்தா என் கடைச் சட்டத்துக்கெல்லாம் பெயிண்ட் வேலை உங்களுக்குத்தான். வரலைன்னா ஸ்டூலுக்கு வந்துடணும்” என்றார். ஷாக்கும் ரோஷத்தில் தலையாட்டிவிட்டார்.

மச்சான் வருகிறாரே என்று பட்டறையைக் கல்யாண வீடாக்கினார் ஷாக்கு. தரை கழுவி, சுவர் துடைத்து, அதோடு நிற்காமல் பழைய கொக்கிகளுக்கெல்லாம் நீலப் பவுடர் அடித்து உருக்கி, பளபளவென்று மாட்டினார்.

மச்சான் வந்தார். துப்பாக்கி சீறியது. நீலத் தூள் சட்டத்தில் கொஞ்சம் உட்கார்ந்தது, பிறகு வழுக்கிக்கொண்டு மச்சானின் வெள்ளைச் சட்டைக்குப் போனது.

“நாற்காலிக்கு அடிக்கிறீங்களா, எனக்கா?”

“அசையாம இருண்ணே, உனக்கும் எடுப்பாத்தான் இருக்கு,” என்றாள் பக்கத்தில் நின்ற ஷாக்குவின் மனைவி. சிரிக்கவில்லை. ஸ்டூல் அவள் கண்முன் வந்து நின்றது.

ஷாக்கு எரிச்சலில் சட்டத்தைப் பிடித்தார். சுளீர்! கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார்.

“இத்தனை வருஷத்துல சட்டம் என்னைக் கடிச்சதே இல்லையே!”

“மண்ணுக்குப் போக வேண்டியது அதுலயே தங்கிப்போச்சுங்க,” என்று மேலே பார்த்தாள் மனைவி. “கொக்கிக்கு யாரு நீலச் சட்டை மாட்டச் சொன்னது?”

பெயிண்ட் வழியே மின் போகாது. இரும்புக்கும் மண்ணுக்கும் நடுவே சுவர் எழுப்பிவிட்டார் மனிதர். போக வழியில்லாமல் எதிர்மின் சட்டத்திலேயே சேர, வந்த தூளையெல்லாம் அது தள்ளிவிட்டது.

அரத்தை எடுத்தார். கொக்கியின் அழகு பொலபொலவென்று உதிர்ந்தது. கம்பி தொடும் இடமும் சட்டம் தொங்கும் இடமும் வெறும் இரும்பாகப் பல்லிளித்தன. மறுபடி ஊதினார். தூள் சந்துபொந்தெல்லாம் சுற்றிக்கொண்டு போய் அப்பியது.

மச்சான் சட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். குற்றம் அகப்படவில்லை.

“நாளைக்கு வண்டியில சட்டம் வரும் மாப்ளே,” என்றார். வாசல்வரை போய்த் திரும்பினார். “அந்த ஸ்டூலையும் ஏத்தி விடறேன். இதே நீலம் அடிச்சுடுங்க.”