கதவைச் சாத்த ஓர் ஓட்டை

பெயிண்டரைக் கட்டிக்கொண்டால் வீடு பளிச்சென்று இருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பியதுதான் அவள் செய்த முதல் தப்பு. வீடு பளிச்சென்றுதான் இருந்தது. அதில் ஓர் ஆணி அடிக்க அனுமதி வாங்குவதற்குள் உயிர் போய்விடும்.

ஆஸ்பத்திரி டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு, வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் அடித்துத் தருவது அவள் வேலை. வேலை கிடைத்த அன்றே வீட்டில் "மேடம்" என்று பெயர் விழுந்தது. மேடம், துண்டு எங்கே என்பான் கணவன். மேடம், கேஸ் சிலிண்டர் வந்திருக்கு பார் என்பாள் மாமியார். பட்டம்தான் கொடுத்தார்களே தவிர மரியாதை கொடுக்கவில்லை. ஒரு வரி அடிப்பதற்குள் மூன்று தடவை எழுப்பினார்கள்.

கம்பெனி இரண்டு நிபந்தனை போட்டது. இணையம் வைஃபையில் வரக்கூடாது, ரௌட்டரிலிருந்து ஒயரில் வரவேண்டும். நோயாளிகள் விவகாரம் என்பதால் அறைக்கதவு சாத்தியிருக்க வேண்டும். ரௌட்டர் ஹாலில், டிவிக்குப் பக்கத்தில். கம்ப்யூட்டர் அடுத்திருந்த சாமான் அறையில், பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே. கதவு வழியாக ஒயரைக் கொண்டுவந்தால் கதவைச் சாத்த முடியாது. எறும்புகூட நுழையாத அளவுக்குக் கணவன் கூடவே நின்று போடவைத்த கதவு. நடுச்சுவரில் ஓர் ஓட்டை போட்டால் வேலை முடிந்தது. ஆனால் ஹால் பக்கம் அந்தச் சுவரில்தான் அவன் நான்கு நாள் மெனக்கெட்டுத் தங்க நிறத்தில் இலை இலையாக வரைந்திருந்தான். வருகிறவர்களை எல்லாம் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டுவான்.

கேட்டாள். நாளைக்கு என்றான். மறுபடி கேட்டாள். டிரில் மெஷின் வேலையிடத்தில் இருக்கிறது என்றான். மெஷின் வந்தபோது மேஸ்திரியைக் கேட்கவேண்டும் என்றான். இப்படியே மூன்று வாரம். ஊரார் சுவரையெல்லாம் சுரண்டிப் பிழைக்கிறவனுக்குச் சொந்தச் சுவர் என்றதும் மனசு வரவில்லை. திங்கட்கிழமை பத்து மணிக்கு சூப்பர்வைசர் வீடியோவில் அறையைப் பார்ப்பதாகத் தகவல் வந்தது. சரியில்லை என்றால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

திங்கள் காலை ஒன்பதரைக்கு, அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து அவளே மெஷினை எடுத்தாள். டிவிக்குப் பின்னால் மறைந்துவிடும் என்று அளந்துதான் சாமான் அறையில் நின்று போட்டாள். என்ன அளந்தாளோ, ஓட்டை இலைக்கூட்டத்தின் நட்டநடுவில் போய்த் திறந்தது. அதிலும் ஒயர் நுனியில் இருந்த பிளாஸ்டிக் நுழைய மறுத்தது. தலையில் அடித்துக்கொண்டு, பக்கத்திலேயே இன்னும் இரண்டு போட்டு அகலமாக்கினாள்.

அவன் ஈரத்தலையோடு வந்து நின்றான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"மூணு வாரமா சுவத்துக்கிட்டயா சொன்னேன்?"

அவன் ஒயரை எடுத்து ஓட்டைக்குள் விட்டான். அவள் அறைப் பக்கமிருந்து இழுத்துக் கம்ப்யூட்டரில் செருகினாள். இணைப்பு வந்துவிட்டது. கதவைச் சாத்தினாள்.

பத்து மணிக்குத் திரையில் வந்த சூப்பர்வைசர் பெண் ஒயரைக் காட்டச் சொன்னாள், கதவைக் காட்டச் சொன்னாள். அறையில் வேறு யாராவது உண்டா என்று கேட்டாள். யாருமில்லை என்றாள் இவள்.

ஓட்டை வழியாக மாமியாரின் குரல் வந்தது.

"ஏம்மா யாருமில்லைங்கற? நாங்கல்லாம் இல்லையா?"

சூப்பர்வைசர் முகம் மாறியது. இப்படி வெளியே கேட்டால் வேலை தரமுடியாது என்றாள். இவளுக்கு அழுகை முட்டியது. அழுகை வருகிறதே என்றும் ஆத்திரமாக இருந்தது. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் தகடு உரசும் சத்தம். ஓட்டையில் தெரிந்த ஹால் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. கணவன், சுவர் விரிசலில் பூசும் பட்டி மாவை ஒயரைச் சுற்றி வைத்து அடைக்கிறான். மூன்று வாரமாக அகப்படாத ஆள், தன் சுவருக்கு ஒன்று என்றதும் எப்படி ஓடிவருகிறான் பார் என்று பல்லைக் கடித்தாள்.

"எங்க, இப்ப கூப்பிட்டுப் பாருங்க" என்றாள் சூப்பர்வைசர்.

"அத்தை" என்று உரக்கக் கூப்பிட்டாள். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். அதற்கும் இல்லை.

சரி, ஆரம்பியுங்கள் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் திரையிலிருந்து போனாள். இவள் அடிக்க ஆரம்பித்தாள். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில், அந்த வீட்டில் தொடங்கிய ஒரு வேலையை நடுவில் யாரும் எழுப்பாமல் அவள் முடித்தது அன்றுதான்.