வெட்டுப்பலகையில் இரண்டு தோட்டாக்கள்

விடியற்காலையில் எங்கள் புறநகரான பென்டில் ஹில்லிலிருந்து வேட்டைக்குக் கார் புறப்பட்டதும் நான் பின்சீற்றில் சாய்ந்து கண்ணை மூடிவிடுவேன். முன்னால் என் கணவரும் அவருடைய நண்பரும் தோட்டாக்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டே வருவார்கள். சின்னதுக்கு டூ ஃபோர் த்ரீ, பெரியதுக்கு த்ரீ ஓ எயிட் என்று அந்த எண்கள் என் அரைத்தூக்கத்துக்குள் மிதந்து வரும். கண்ணைத் திறந்தால் மலைப்பாதையில் மூடுபனி, மூடினால் மறுபடி எண்கள். சில நாட்களில் எது கனவு, எது பாதை என்றே எனக்குத் தெரியாது.

நண்பர் தமிழ்நாட்டுக்காரர், கம்ப்யூட்டர் வேலை. லைசென்ஸ் எடுக்கும்வரை துவக்கைத் தொட்டதே இல்லை. இப்போது அவர் பார்க்காத துப்பாக்கி வீடியோ இல்லை.

"அண்ணே, டூ ஃபோர் த்ரீ போதும்ணே. சின்ன குண்டு, வேகம் ஜாஸ்தி. இந்த மானுக்கு அதுவே தாராளம்."

"தாராளமோ? அதாலதானே போன முறை அந்தப் பிணைமான் காயத்தோட ஓடினது?" என்பார் கணவர்.

அவர் வன்னிக்காரர். காட்டுப்பன்றிக்குப் பயந்து பெரிய வெடியை நம்பிய ஊர். இங்கே எங்களுக்குக் கிடைப்பது ஃபாலோ மான். நல்ல மறியாட்டைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஆனால் ஊரில் விழுந்த மனக்கணக்கை யார் மாற்றுவது?

அவர் சுட்ட அந்தப் பிணையைப் பொழுதுபடும்வரை தேடினோம். புல்லில் இரத்தம் தெரிந்தது, மான் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் தூக்கத்தில் எழும்பி ஹோலில் போய் உட்காரத் தொடங்கினார். சின்னத் தோட்டாவின் மேல் பழியைப் போட்டுப் பெரியதுக்கான துவக்கை வாங்கினார். இன்னுமொன்று காயத்தோடு ஓடினால் துவக்கைப் பொலிசில் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். வாரம் முழுக்க ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற மனிதர்; நாங்கள் வேட்டையாடும் பண்ணையின் மலைச்சரிவில் நிற்கும்போது மட்டும்தான் அவருடைய முகம் இளகும். அது இல்லாமல் போய்விடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. ஆனால் யார் எதனால் சுட்டாலும் மான் கடைசியில் என் குசினி வெட்டுப்பலகைக்குத்தான் வரும். சின்னத் தோட்டா விரல் நுனி அளவு ஓட்டையோடு உள்ளே போய், இறைச்சியைக் கெடுக்காமல் ஈரலையும் நுரையீரலையும் முடித்துவிடும். தடித்த எலும்பில் பட்டால் மட்டும் அங்கேயே சிதறி நின்றுவிடும். பெரியது எலும்பையும் உடைத்துக்கொண்டு மறுபக்கத்தால் வெளியேறும். சுற்றி ஒரு கையகலம் இறைச்சி இரத்தம் கட்டிக் கறுத்துப் போகும், எலும்புத் தூள் வேறு. வெள்ளைக்காரர் தொடையையும் முதுகிறைச்சியையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுவார்கள். நமக்கு விலாவும் நெஞ்செலும்பும் இல்லாமல் என்ன கறி? ஒரு பக்க விலாவையே குப்பைக்குள் போடும்போது வயிறு எரியும்.

கத்தி இன்னொன்றையும் காட்டியது. சின்னதோ பெரிதோ, அவருடைய வெடி எப்போதும் அவர் குறிவைத்ததாகச் சொன்ன இடத்துக்கு நாலு விரல் தாழவே பட்டிருந்தது. பெரியது வந்த பிறகு இன்னும் தாழ. நண்பர் சுட்ட மான்களில் அப்படியில்லை. தோட்டா பாவம், அனுப்பின இடத்துக்குத்தானே போகும்!

அவரோ அதைவிடப் பெரிய மேக்னம் துவக்கு வாங்கப் போவதாக நின்றார். வாங்குவதற்கு முன் ஒருநாள் மூவரும் சூட்டுப் பயிற்சித் திடலுக்குப் போனோம். அவர் இலக்குத் தாளைக் குத்தப் போன நேரம் நண்பரிடம், வெடிக்கும் நேரம் அவர்தான் குழாயைத் தாழ்த்துகிறாரோ என்ற என் சந்தேகத்தைச் சொன்னேன். நண்பர் தன் பையிலிருந்து வெடிமருந்தில்லாத பொய்த் தோட்டா ஒன்றை எடுத்துத் தந்தார்.

"அக்கா, அண்ணன் கோவிச்சுக்குவாரு."

"கோவிச்சா நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் பேசாமல் நில்லுங்கோ."

உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே அதை வைத்து, துவக்கை நிரப்பிக் கணவரிடம் கொடுத்தேன். முதல் வெடி திடலை அதிர வைத்தது. இரண்டாவதற்கு விசையை இழுத்தார். டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. வெடிக்காத துவக்கின் குழாய் யாரோ அமத்தியதுபோல் கீழே குத்தியது. தோள் துள்ளியது. இரண்டு கண்களும் இறுக மூடியிருந்தன.

அவர் மெல்லக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ஷெல் விழுந்த காலத்தில் பங்கருக்குள் நான் பார்த்த முகம் அது. பகிடி பண்ணலாம் என்று நினைத்திருந்தவள் அவருடைய முதுகில் கையை வைத்தேன்.

"எவ்வளவு காலமா நான் இப்பிடி?"

"முதலே இருந்து எண்டு நினைக்கிறன்."

மேக்னம் கதை அதோடு முடிந்தது. சின்னத் தோட்டாவுக்கே திரும்பினார். அது தோளில் உதைக்காது, காதைப் பிளக்காது. அந்தக் குளிர்காலம் முழுக்க, எது உண்மைத் தோட்டா எது பொய்த் தோட்டா என்று அவருக்குத் தெரியாமல் நான் நிரப்பிக் கொடுக்கக் கொடுக்கச் சுட்டுப் பழகினார்.

பிறகு ஒரு காலை, நண்பர் பண்ணை வாசலில் காரோடு நிற்க, நாங்கள் இருவரும் சரிவில் படுத்திருந்தோம். பனிப்புகை புல்லோடு புல்லாக நகர்ந்தது. உலகத்தில் சத்தமே இல்லை. அந்த வெண்மைக்குள்ளிருந்து ஒரு பிணை வந்து பக்கம் காட்டி நின்றது. நான் அதைப் பார்க்கவில்லை. அவருடைய கண்ணைப் பார்த்தேன்.

வெடித்தது. கண் திறந்தே இருந்தது.

மான் நின்ற இடத்திலேயே முழங்கால் மடிந்து விழுந்தது. அவர் நெடுநேரம் துவக்கின் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"விழுந்திட்டுது," என்றேன்.

"பாத்தனான். இவ்வளவு காலமும் விழுந்தாப் பிறகுதான் பாத்திருக்கிறன். இண்டைக்குத்தான் விழுற நேரம் பாத்தனான்."

"உடனே போயிட்டுது. அதுக்கு நொந்திருக்காது."

"எனக்கு நொந்தது," என்றார்.

பிறகு கேட்டேன்: "அப்ப துவக்கைக் குடுக்கப் போறீங்களோ?"

"இல்லை. நோகாதவன்ர கையிலதான் அது இருக்கக் கூடாது."

எழுந்து, துவக்கைத் திறந்து மிச்சத் தோட்டாக்களை எடுத்து என் கையில் தந்தார். பிறகு மானை நோக்கி இறங்கி நடந்தார். நான் பின்னால் போனேன்.